என் சம்பளம் நிர்வாகச் செலவா? சமூகப்பணி பற்றிய கேள்வி பதில்

குடும்ப ஆலோசனை, பெண்கள் மீதான வன்முறை, அப்புறம் கொஞ்ச காலம் வகுப்பறை. இதுதான் என் 27 வருடம். இதற்குள் வருவதைக் கேளுங்கள். வருமான வரி, விசா எல்லாம் எனக்குத் தெரியாது.

சேலத்துக்காரன்: அக்கா, 'நவதாராளவாதமும் சமூகப்பணியும்' என்று செமினார் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அரசு ஒதுங்கி எல்லாவற்றையும் சந்தையிடம் விடட்டும் என்கிற கொள்கைதானே அது? உலக வங்கி, தனியார்மயம் என்று நாலு பக்கம் எழுதிவிட்டேன். நம் தொழிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் பிடிபடவில்லை.

பதில்: அந்த நாலு பக்கத்தை ஓரமாக வையுங்கள் தம்பி. ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் பட்ஜெட்டை வாங்கிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கும் பை 'திட்டச் செலவு'. அந்தப் பிள்ளை ஏன் இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்று வீடு தேடிப் போகிறவரின் சம்பளம் பல பட்ஜெட்டுகளில் 'நிர்வாகச் செலவு'. பையை எண்ணலாம், படம் எடுக்கலாம். திண்ணையில் உட்கார்ந்து பேசியதை என்ன செய்வது? நம் தொழிலே அந்தத் திண்ணைப் பேச்சுதான். அதை வெட்ட வேண்டிய செலவாக மாற்றியதுதான் நீங்கள் தேடும் சம்பந்தம்.

நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் மாதப் படிவத்தில் இரண்டே கட்டம்: புதிய வழக்கு, முடித்த வழக்கு. ஒரு அம்மா 11 முறை வந்தார். முதல் மூன்று முறையும் ரேஷன் கார்டைப் பற்றி மட்டும்தான் பேச்சு. நாலாவது தடவைதான் வீட்டுக்காரர் அடிப்பதைச் சொன்னார். படிவத்தில் முதல் மாதம் 1. அடுத்த நாலு மாதமும் பூஜ்ஜியம். அத்தனை நாளும் நான் சும்மா இருந்ததாகக் கணக்கு.

இன்னொன்று. 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அரசு ஒதுங்கிவிட்டது என்று மொட்டையாக எழுதாதீர்கள். திட்டங்கள் பெருகத்தான் செய்தன. 2005-இல் வந்த ஆஷா என்னும் கிராம சுகாதாரப் பணியாளர்களைப் பாருங்கள்: பெயர் தன்னார்வலர், வேலைக்கு வேலை ஊக்கத்தொகை. திட்டம் பெருகியது, நிரந்தர வேலை பெருகவில்லை. வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தத்தின் கடைசி இணைப்புப் பக்கத்தைப் படியுங்கள். இலக்கு எண் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மீனா: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தால் அரசு வேலை கிடைக்குமா மேடம்?

பதில்: உறுதி கிடையாது. விளம்பரங்களில் பெரும்பாலும் 'ஒப்பந்த அடிப்படையில்' என்று இருக்கும். இணைப்புப் பக்கத்தைப் படியுங்கள்.

கோவை ராஜ்: மேடம், நான் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பிரிவில் இருக்கிறேன். 2014-லிருந்து சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் கொடுக்கிறோம். பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டியிருக்கிறோம். கணக்குக் கேட்டால் உடனே நவதாராளவாதமா? நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்று விதியே சொல்கிறது.

பதில்: கணக்கைத் தாராளமாகக் கேளுங்கள். பொய் ரசீதுகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் விதியை முழுசாகப் படியுங்கள் சார். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்க ஆகும் செலவுக்கான வரம்பு. திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் நேரடிச் செலவு அதில் சேராது என்று 2021 திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. உங்களுக்குப் போட்ட கடிவாளத்தை எங்கள் களப்பணியாளர் வாயில் மாட்டிவிட்டீர்கள்.

கோவை ராஜ்: விதியைப் பார்த்தேன், சரிதான். ஆனால் 'ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் பேசினார்' என்று போர்டு மீட்டிங்கில் எப்படிக் காட்டுவது?

தஞ்சை களப்பணிக்காரி: நடுவில் வருகிறேன். கட்டிய கழிப்பறையைக் கழுவுகிற ஆளுக்குச் சம்பளம் யார் சார் கொடுப்பது? எங்கள் ஊரில் அப்படி ஒன்று பூட்டியே கிடக்கிறது. சாவி ஹெட்மாஸ்டர் மேசையில்.

கோவை ராஜ்: பராமரிப்பு அரசின் பொறுப்பு.

தஞ்சை களப்பணிக்காரி: பெயர்ப்பலகை மட்டும் உங்கள் பொறுப்பா?

பதில்: இந்தச் சண்டையை நான் விலக்கப் போவதில்லை. ஆனால் ராஜ் பக்கம் ஒரு நியாயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். கட்டம் போட்ட படிவத்தைக் கம்பெனிகள் கண்டுபிடிக்கவில்லை. நான் சொன்ன மையத்துக்கு வந்தது வெளிநாட்டு நிதி. அதோடு, வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு வரம்பை 2020-இல் 50-லிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததும், ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றதும் நாடாளுமன்றம். அதையும் சந்தையின் தலையில் கட்டாதீர்கள், அது அரசின் பிடி. பெரிய அமைப்பிடம் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த சின்னச் சங்கங்களுக்குத்தான் அடி.

பிரபு: எம்.எஸ்.டபிள்யூ. படித்தால் எதிர்காலம் உண்டா?

பதில்: மீனாவுக்குச் சொன்னதுதான்.

ஜெனி: இங்கிலாந்து போக விசா எப்படி அக்கா?

பதில்: விசா தெரியாது என்று முதல் பத்தியிலேயே சொன்னேனே. சமூகப்பணியாளராகப் பதிவு செய்ய 'சோஷியல் வொர்க் இங்கிலாந்து' அமைப்பைப் பாருங்கள். போகுமுன் அங்கே 1990-இல் வந்த சமுதாயப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். உள்ளாட்சி பராமரிப்பை வாங்குகிற இடமாகிவிட்டது, விற்கத் தனியார் வந்தார்கள், நடுவில் சமூகப்பணியாளர் 'கேர் மேனேஜர்' ஆனார். வயதானவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆள் அனுப்பலாம் என்று பட்ஜெட் பார்ப்பது பாதி வேலை.

வாசு: அம்மா அங்கன்வாடியில் 31 வருடம். சட்டப்படி பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டா?

பதில்: அப்போதிருந்த பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அம்மாவின் பணி ஆணையோடு சங்கத்தாரைப் பாருங்கள்.

அன்பு: மேடம், எம்.எஸ்.டபிள்யூ. முடித்தால்...

பதில்: மேலே. மேலே. மேலே.

தஞ்சை களப்பணிக்காரி: அக்கா, எங்கள் படிவத்திலும் திரும்ப வருகிறவர்களுக்குக் கட்டம் இல்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

பதில்: படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். தேதி, எத்தனையாவது வருகை, எவ்வளவு நேரம். அந்த அம்மாவின் பெயர் மட்டும் எழுதவில்லை. இரண்டு வருடம் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் வருடம் ஆய்வுக்கு வந்த பெண் ஒருத்தி திருப்பினாள். அடுத்த படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வந்தது: 'தொடர் வருகை'. அதற்கும் ஒரு இலக்கு எண் போட்டு அனுப்பியிருந்தார்கள்.