குட்டிக்குப் போதாதது ஓட்டமா, தூக்கமா?

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டிக்கு 5 மாதம் ஆகிறது. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் தலைகால் புரியாமல் ஆடுகிறது. சோபா மேல் ஏறி ஓட்டம், துணியைப் பிடித்து இழுப்பது, கையைக் கடிப்பது. நேற்று 6 வயது மகளைக் கீழே தள்ளிவிட்டது. களைத்தால் அடங்கும் என்று என் கணவர் தினமும் காலையில் கூடவே ஓட வைக்கிறார், ஒரு பயனும் இல்லை. இரண்டு போடு போட்டால் சரியாகும் என்கிறார் மாமனார். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்தக் காலை ஓட்டத்தை நிறுத்துங்கள். பெரிய இன நாய்களுக்கு எலும்பு முனைகளில் வளரும் பகுதி முழுசாக இறுகவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கெட்டித் தரையில் ஓட வைப்பதும், உயரத்திலிருந்து குதிக்க விடுவதும் மூட்டுக்குக் கெடுதல். அதோடு, தினமும் ஓடினால் தெம்புதான் கூடும், அப்புறம் அதைக் களைக்க வைக்க உங்கள் கணவரால்கூட முடியாது! தன் போக்கில் மோந்து பார்த்துக்கொண்டு நடக்கும் சின்ன நடை போதும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் குட்டிக்குத் தூக்கம்தான் போதவில்லை என்று தோன்றுகிறது. இந்த வயதில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் தூங்க வேண்டும், ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து வந்துவிடும், தூக்கம் கெட்ட குழந்தை சாயங்காலம் சிணுங்குகிற மாதிரி இது கடிக்கும். மதியம் அமைதியான அறையிலோ கூண்டிலோ படுக்க வையுங்கள். பிள்ளைகள் வந்து பையைப் போட்டு, ஷூவைக் கழற்றி, கத்தி முடிக்கும் வரை குட்டி கதவுக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். அந்த நேரத்தில் ஒரு பழைய துண்டை விரித்து, சாயங்காலச் சாப்பாட்டில் பாதியை உள்ளே தூவிச் சுருட்டிக் கொடுங்கள். மூக்கால் துழாவித் தேடி எடுப்பதிலேயே நன்றாகக் களைத்துவிடும்.

கடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் நேரம் இது, ஈறு நமநமக்கும். துணியை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஆசையாகக் கடிக்கும், கிழித்து விழுங்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் அலறிக்கொண்டு ஓடினால் குட்டிக்கு அது விளையாட்டு. கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் 6 வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் நினைவு வராது, அதனால் பெரியவர் ஒருவர் இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடவே கூடாது. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது குட்டியின் கழுத்துப் பெல்ட்டில் ஒரு சின்ன லீஷ் தொங்கட்டும், எல்லை மீறினால் சத்தம் போடாமல் பிடித்து அப்பால் கூட்டிப்போக வசதி. மேலே தாவினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், நாலு காலும் தரையில் பட்டதும் கொஞ்சுங்கள். இதை வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் தாவும்போதே தடவிக் கொடுத்தால் அத்தனையும் வீண், அந்த ஒருவர் பெரும்பாலும் பிள்ளைகள் இல்லை என்பது வேறு விஷயம்.

அடி வேண்டவே வேண்டாம். அடிபட்ட நாய் கையைக் கண்டு பயப்படும், உறுமக்கூடப் பயந்து ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கலாம். மாமனாரோடு வாதாடாமல், சாப்பாடு வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். குட்டி உட்கார்ந்தால்தான் தட்டு கீழே வரும், அவ்வளவுதான் விதி. அவர் சொல்லுக்கு அது உட்கார ஆரம்பித்தால் அடி பேச்சே எழாது.

கேள்வி: பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலமாகக் கால்சியம் பொடி கொடுக்கலாமா?

பதில்: நீங்களாகக் கொடுக்காதீர்கள். சின்னக் குட்டிகளின் உடம்புக்கு அதிகப்படியான கால்சியத்தை வேண்டாமென்று தள்ளத் தெரியாது, அது சேர்ந்தால் எலும்பு கோணலாக வளரலாம். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரிக்கும் உணவில் தேவையான அளவு இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு என்றால் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். கொழுக்க வைக்கவும் வேண்டாம், தடவிப் பார்த்தால் விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும்.