நாற்பதும் நாயும்

கேள்வி: நாற்பது வயதுக்கு மேல் நாய் குணம் என்பார்கள். என் மனைவிக்கு 47 வயது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். பணத்துக்குக் குறையில்லை, மாமியார் கொடுமையும் இல்லை. பிறகு என்ன மன அழுத்தம்?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: முதலில் 'நாய்க்குணம்' என்று 'க்' போட்டு எழுதுங்கள். இந்த ஒற்றுக்காக எங்கள் மெய்ப்புத் திருத்தும் அம்மையாரோடு பல வருடங்களாக மல்லுக்கு நிற்கிறேன். நான் போட்டால் எடுப்பார். நான் விட்டால் போடுவார்.

அடுத்தது நாய். எங்கள் அலுவலக வாசலில் ஒன்று இருக்கிறது. காலை பத்து மணிக்கு என் ஸ்கூட்டர் நிழலில் படுத்தால் மூன்று மணிக்குத்தான் புரண்டு படுக்கும். டீக்கடைக்காரர் பொறை போட்டால் தின்னும். இன்று என்ன குழம்பு என்று அதை யாரும் கேட்பதில்லை. அதன் பிள்ளைக்குப் பிளஸ் டூ பரீட்சை கிடையாது. தோன்றினால் குரைக்கும், அதற்காக யாரும் பத்திரிகைக்குக் கடிதம் போட்டதில்லை. இந்தக் குணம் வாய்த்திருந்தால் உங்கள் மனைவி ஏன் எரிந்து விழப்போகிறார்?

மாமியார் கொடுமை இல்லை என்கிறீர்கள், மகிழ்ச்சி. அந்த மாமியாருக்குக் காலைச் சர்க்கரை மாத்திரை எது, இரவுப் பிரஷர் மாத்திரை எது என்று வீட்டில் யாருக்குத் தெரியும்? மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. அந்த 88கூட ஏதாவது வேலை செய்யும் ஆண்களின் சராசரிதான். துரும்பைக்கூட நகர்த்தாதவர்கள் அதில் சேர்த்தியில்லை.

47 வயது என்பது மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டியது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு ஒரு சீராக இருக்காது. நடு இரவில் உடம்பு திடீரென்று கொதித்து, வியர்வையில் நைட்டி நனைந்து, தூக்கம் போய்விடும். எழுந்து ஃபேனைக் கூட்டினால் பக்கத்திலிருந்து ஒரு குரல், 'குளிருகிறது, குறை' என்னும். யார் குரல் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மனவாட்டமும் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவரிடம் கூடவே போங்கள், வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பாதீர்கள். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் இருக்கிறது: 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இன்னொன்று. அந்தப் பழமொழியில் 'பெண்' என்ற சொல் எங்கே இருக்கிறது? மனைவியின் வயதை எழுதியவர் தம் வயதை எழுதவில்லை.

பக்கம் மெய்ப்புக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அதிசயமாக 'க்' அப்படியே இருக்கிறது. ஓரத்தில் மட்டும் பென்சிலில் ஒரு குறிப்பு: 'ஆசிரியருக்கு 61.'