ஆராய்ச்சி நிறுவனத்தில் சிஸ்டம் அட்மின் வேலை: கம்பெனி ஐடி வேலையிலிருந்து எதில் மாறுபடும்? முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

சாஃப்ட்வேர் கம்பெனியில் சில வருடம் ஐடி சப்போர்ட் பார்த்துவிட்டு, இப்போது ஓர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேரப்போகிறீர்கள். என்எம்ஆர், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப், ஒரு சிறிய கிளஸ்டர் (பெரிய கணக்கீடுகளுக்காகச் சேர்த்து இணைத்த சர்வர்கள்) எல்லாம் அங்கே இருப்பதாகச் சொல்லி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கம்பெனியில் ஒரு லேப்டாப் போனால் இன்னொன்று கொடுத்துவிடலாம். அதிலிருந்த வேலையும் பெரும்பாலும் மெயிலிலோ கிளவுடிலோ கிடைத்துவிடும். ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆறு மாதம் வளர்த்த செல்லின் படமோ, ஒரேயொரு முறை கையில் கிடைத்த சாம்பிளின் ஸ்பெக்ட்ரமோ போனால் போனதுதான். எந்த வென்டராலும் அதைத் திருப்பித் தர முடியாது. அதனால் ஒவ்வொரு முடிவிலும் "இதில் டேட்டாவுக்கு என்ன ஆகும்?" என்பதை முதலில் கேளுங்கள். மெஷின், நெட்வொர்க், பாலிசி எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் கருவிகளோடு இணைந்த பிசிக்களைப் போய்ப் பாருங்கள். கம்பெனி அனுபவம் உங்களைத் தவறாக வழிநடத்தும் இடம் இதுதான். விண்டோஸ் 7, சில லேபில் எக்ஸ்பி கூட ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலும், 7க்கு 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்டது. உடனே அப்கிரேட் செய்துவிடலாம் என்று கை போகும். செய்யாதீர்கள். கருவியைப் பேச வைக்கும் கார்டு பழைய பிசிஐ ஸ்லாட்டில் இருக்கும், அதன் டிரைவர் அந்த விண்டோஸோடு நின்றுபோயிருக்கும், லைசென்ஸ் ஒரு டாங்கிளில் இருக்கும். ஓஎஸ் மாறினால் பல கோடி ரூபாய்க் கருவி வெறும் இரும்பாக நிற்கும், சர்வீஸ் கான்ட்ராக்டும் செல்லாது என்பார்கள்.

அந்த பிசியைத் தொடுவதற்கு முன் அதன் டிஸ்க்கை முழுதாக நகல் எடுங்கள். டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்ஸில்லா சாஃப்ட்வேரை பென்டிரைவில் பூட் செய்து, அதே அளவோ அதற்கு மேலோ உள்ள புது டிஸ்க்குக்குக் குளோன் செய்தால் போதும். பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் ஓர் அடாப்டர் வேண்டும். டிஸ்க் ஏற்கெனவே கரகரக்கிறதா? குளோன்ஸில்லா வேண்டாம், கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து மீட்பதற்கான ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவை எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துக்கொள்ள மேப் கோப்பு ஒன்றைக் கொடுத்து, முதல் சுற்றில் கெட்ட பகுதிகளைத் தோண்டாமல் நல்ல பகுதிகளை மட்டும் அள்ளச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் மிச்சத்தை மூன்று தடவை முயலச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே கெட்ட செக்டாரில் முட்டிக்கொண்டிருந்தால், நல்ல பகுதி வெளிவரும் முன்பே டிஸ்க் செத்துவிடும். நகல் முடிந்ததும் புது டிஸ்க்கைப் போட்டு பூட் செய்து, கருவியின் சாஃப்ட்வேர் திறக்கிறதா, கருவியோடு பேசுகிறதா என்று லேப்காரரை உட்காரவைத்துப் பாருங்கள். சில லைசென்ஸ்கள் டிஸ்க்கின் ஹார்டுவேர் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும், குளோனில் அது மாறிவிடும். இது கருவி நன்றாக ஓடும்போதே தெரிந்தால் வென்டரிடம் நிதானமாகப் பேசலாம். ஒரிஜினல் டிஸ்க்கை ஆன்டி-ஸ்டாட்டிக் பையில் போட்டு, கருவியின் பெயரும் தேதியும் எழுதி, வேறு அறையில் வையுங்கள்.

இந்த பிசிக்களில் பெரும்பாலும் இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கும். ஒன்று நேரே கருவிக்குப் போகும், அதில் வென்டர் கொடுத்த நிலையான ஐபி. மற்றது நிறுவனத்தின் லேனுக்கு. யாராவது "நெட் வரவில்லை" என்று கருவிப் பக்கத்து கார்டை டிஹெச்சிபிக்கு மாற்றினால் கருவி காணாமல் போகும். இன்னொரு சிக்கல் சட்டென்று கண்ணில் படாது. கருவிப் பக்கம் 192.168.0 வரிசையில் இருந்து, உங்கள் லேனும் அதே வரிசையில் ஐபி கொடுத்தால், கருவிக்குப் போகவேண்டிய பாக்கெட்டை விண்டோஸ் லேன் பக்கம் அனுப்பிவிடும். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. லேபில் எல்லோரும் கருவியைத்தான் சந்தேகப்படுவார்கள். அதனால் லேனுக்கு வேறு வரிசை கொடுத்துவிடுங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் "கருவி, கழற்றாதே" என்று டேப் ஒட்டுங்கள்.

செட்டிங்கில் சில உண்டு. விண்டோஸ் 10, 11 பிசியில் அப்டேட் தானாக ரீஸ்டார்ட் ஆகக்கூடாது, ராத்திரி முழுக்க ஓடும் ரன் விடிகாலை மூன்று மணிக்கு அறுந்துபோகும். ஸ்லீப், டிஸ்க் ஸ்லீப், யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட், நெட்வொர்க் கார்டின் பவர் சேவிங் எல்லாம் ஆஃப். டேட்டா எழுதப்படும் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் ரியல்-டைம் ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். ஒவ்வொரு கோப்பையும் அது திறந்து பார்ப்பதால் எழுதும் வேகம் குறைந்து, பஃபர் நிரம்பி, நடுவில் சில பிரேம் விழுந்துபோகும். இதில் எரர் மெசேஜே வராமல் போகலாம், அதுதான் பயம். சிஆர்2032 பேட்டரியையும் பாருங்கள். அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், கோப்புகளின் வரிசை குழம்பும், லைசென்ஸும் தகராறு செய்யும்.

இணையம் இந்த பிசிக்களுக்கு வேண்டாம். தனி விலேனில் (மற்ற பிசிக்களிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதி) போடுங்கள். டேட்டாவை வெளியே எடுக்க நடுவில் ஒரு சிறிய லினக்ஸ் பெட்டி போதும், இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள பழைய டெஸ்க்டாப்பே தாராளம். எக்ஸ்பிக்கு எஸ்எம்பியின் (விண்டோஸ் ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் முறை) முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். லினக்ஸில் எஸ்எம்பி பேசும் சாம்பாவில் 4.11 முதல் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. 2017 மே மாதம் வானாக்ரை ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியதும் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். ஆகவே கருவியை நோக்கிய கார்டில் மட்டும் அந்தப் பதிப்பைத் திறந்து, மறுபக்கம் கோப்புகளை நகலெடுக்கும் ரெசிங்கை (rsync) எஸ்எஸ்ஹெச் வழியாக ஓட்டுங்கள். கருவி இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைப் பாதியில் நகலெடுக்காமல் இருக்க, கடைசி பத்து நிமிடத்தில் மாறாத கோப்புகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததற்கு ஷா-256 செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பட்டியல் ஒன்றை அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். இது ஓடத் தொடங்கினால் லேபில் பென்டிரைவ் புழக்கம் தானாகக் குறையும். தடை போட்டு அதைக் குறைக்க முடியாது.

அடுத்து பேக்கப். ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா நிற்கும்படி பல டிஸ்க்கைச் சேர்ப்பது) இருக்கிறதே என்று யாராவது சொன்னால் பொறுமையாக விளக்குங்கள். ரெய்டு டிஸ்க் சாவதிலிருந்து காப்பாற்றும். தவறாக அழிப்பதிலிருந்தும், ரேன்சம்வேரிலிருந்தும், அறையில் தண்ணீர் புகுவதிலிருந்தும் காப்பாற்றாது.

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட், ஏறக்குறைய 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்களின் டேட்டா அது. அதில் 4 குழுக்களுடையதைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. அழித்தது பேக்கப் ஸ்கிரிப்ட்டேதான். பழைய லாக்குகளை நீக்கும் வேலை உள்ள அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பேஷ் அதை முழுதாக வாசித்து வைத்துக்கொண்டு ஓட்டாது, ஓட ஓடத்தான் வாசிக்கும். நடுவில் கோப்பு மாறியதும் புதிய வரிகள் பாதியிலிருந்து ஓடின. எந்த ஃபோல்டர் என்று சொல்லும் மாறிக்கு (வேரியபிள்) மதிப்பே கொடுக்கப்படவில்லை. லாக் ஃபோல்டரில் நடக்கவேண்டிய அழிப்பு டேட்டா ஃபோல்டரில் நடந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் சின்னவை. அழிக்கும் கட்டளை உள்ள எந்த ஸ்கிரிப்ட்டிலும் முதல் வரியிலேயே "செட் மைனஸ் யு" (set -u) போடுங்கள், மதிப்பே கொடுக்கப்படாத மாறி வந்தால் அங்கேயே நின்றுவிடும். ஸ்கிரிப்ட்டை மாற்றும்போது அதன் மேலேயே எழுதாமல், புதுக் கோப்பாக எழுதி பெயர் மாற்றி அந்த இடத்தில் வையுங்கள். ஓடிக்கொண்டிருப்பது பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். ரெசிங்கில் "டெலீட்" ஆப்ஷன் வைத்திருந்தால் இன்னொன்றும் வேண்டும். மூல டிஸ்க் மவுன்ட் ஆகாத நாளில் அந்த ஃபோல்டர் காலியாகத் தெரியும். "மூலத்தில் எதுவும் இல்லை" என்று ரெசிங் எடுத்துக்கொண்டு பேக்கப்பைத் துடைத்துவிடும். மூல டிஸ்க்குக்குள் ஒரு அடையாளக் கோப்பு வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டுமே ரெசிங் தொடங்கும்படி எழுதுங்கள். ஒரு ஓட்டத்தில் அதிகபட்சம் இத்தனை கோப்புதான் அழிக்கலாம் என்ற வரம்பையும் கொடுங்கள்.

ஒரு நகலாவது நெட்வொர்க்கில் தொட முடியாத இடத்தில் இருக்கவேண்டும். பெரிய அளவுக்கு எல்டிஓ டேப் இன்றும் நல்ல வழி. எல்டிஓ-8 ஒன்றில் சுருக்காமல் 12 டெராபைட், எல்டிஓ-9இல் 18. வாங்கும்போது பழைய டேப்புகளை நினைவில் வையுங்கள். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7ஐப் படிக்கும், எல்டிஓ-6ஐப் படிக்காது. பழைய டிரைவைக் கழித்துக்கட்டும் முன் அலமாரியில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிடுங்கள்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாதம் ஒரு முறை ஏதோ ஒரு குழுவின் ஏதோ ஒரு ஃபோல்டரை வேறு இடத்தில் மீட்டு, செக்சம் ஒப்பிட்டு, அந்தக் குழுவின் ஒருவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு ஜிகாபிட் லைனில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் போகும். 1 டெராபைட்டுக்கு இரண்டரை மணி நேரம், 50 டெராபைட்டுக்கு ஐந்து நாளுக்கு மேல். இது தெரியாத டைரக்டர் "சாயங்காலத்துக்குள் வந்துவிடுமா?" என்று கேட்பார்.

இடம் பற்றி: எட்டு 16 டெராபைட் டிஸ்க்கை இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் இரட்டைப் பாரிட்டியோடு (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்படி) போட்டால் 96 டெராபைட் கிடைக்கும். 1024 கணக்கில் காட்டும்போது அது 87 ஆகத் தெரியும். 80 சதவீதத்தில் அடுத்த டிஸ்க்குக்கு இன்டென்ட் போட்டுவிடுங்கள், அரசு நிறுவனத்தில் வந்து சேர மாதங்கள் ஆகும். டிஸ்க்கில் இடம் இருந்தும் "இடமில்லை" என்று எரர் வந்தால் பல ஃபைல் சிஸ்டங்களில் ஐநோடு (கோப்புக்கு ஒன்று வீதம் செலவாகும் பதிவு) தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகளை உருவாக்கும் ஜாப் ஒன்று எங்கோ ஓடுகிறது. கோட்டாவை அளவுக்கு மட்டுமல்லாமல் கோப்பு எண்ணிக்கைக்கும் வையுங்கள்.

கிளஸ்டரில் தினசரித் தலைவலி லாகின் நோட், எல்லோரும் முதலில் நுழையும் சர்வர். ஜாப்களை வரிசையில் வைத்துப் பிரித்துக் கொடுக்கும் ஸ்லர்ம் வழியாக அனுப்பாமல் அங்கேயே ஜாப் ஓட்டுவார்கள். எல்லோருக்கும் அறிவுரை மெயில் அனுப்புவதை விட, சிஸ்டம்டியில் ஒவ்வொரு யூசருக்கும் 8 ஜிபி மெமரி, இரண்டு கோர் என்று வரம்பு போடுவது வேலை செய்யும். ஜிபியு நோடுகளில் டிரைவரும் கர்னலும் தானாக அப்டேட் ஆகாமல் பிடித்து வையுங்கள். லைப்ரரி புதிதாகி, லோட் ஆன மாட்யூல் பழையதாக இருந்தால் பதிப்பு பொருந்தவில்லை என்று ஜிபியு காணாமல் போகும். ரீபூட் செய்தால் சரியாகும், ஆனால் ஓடுகிற ஜாப்கள் சாகும். எஸ்எஸ்ஹெச் கீயைப் பாஸ்பிரேஸ் இல்லாமல் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். 2020 மே மாதம் எடின்பரோவின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பாவில் பல சூப்பர் கம்ப்யூட்டர்களை மூடவேண்டி வந்தது. திருடப்பட்ட யூசர் லாகின்களை வைத்து ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருந்தார்கள். இந்தியாவில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விட்ட உத்தரவையும் படித்துவிடுங்கள்: லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் சர்வர் அறையைக் கெடுப்பது கரன்ட் கட்டை விட ஏசிதான். கரன்ட் போனால் சர்வர்கள் யுபிஎஸ்ஸில் ஓடும், ஏசி ஓடாது. மூடிய சின்ன அறை சில நிமிடங்களிலேயே சூடேறும். கரன்ட் வந்த பிறகும் ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லாத ஸ்ப்ளிட் ஏசி அப்படியே நிற்கும், சனிக்கிழமை ராத்திரி என்றால் யாருக்கும் தெரியாது. இரண்டு ஏசி, ஆட்டோ ரீஸ்டார்ட் உள்ளது, தனித்தனி லைன். அறையில் ஒரு டெம்பரேச்சர் சென்சார் வைத்து, 30 டிகிரியில் போனுக்கு மெசேஜ், 38இல் கம்ப்யூட் நோடுகள் தானாக ஷட்டவுன், ஸ்டோரேஜ் கடைசியில். யுபிஎஸ் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதி ஆயுளை இழக்கும், அதையும் அந்த ஏசிக்குள்ளேயே வையுங்கள்.

விஞ்ஞானிகளோடு பழகுவதில் ஒரே ஒரு யோசனை. ரூட் (முழு அட்மின் அனுமதி) கேட்டால் "பாலிசியில் இடமில்லை" என்று முடிக்காதீர்கள். எதற்கு என்று கேளுங்கள். பத்தில் எட்டு தடவை ஒரு லைப்ரரிதான் வேண்டியிருக்கும், ரூட் இல்லாமலே சாஃப்ட்வேர் போட உதவும் அப்டெய்னர் கன்டெய்னரோ மினிஃபோர்ஜோ போதும்.

பிஹெச்டி முடித்துக் கிளம்பும் மாணவரை விட்டுவிடாதீர்கள். டேட்டா அதிகமாகத் தொலைவது அப்போதுதான். நோ டியூ படிவத்தில் ஐடி கையெழுத்தை 30 நாள் முன்பே வாங்கவேண்டும் என்று அலுவலகத்தில் பேசி மாற்றுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொது ஃபோல்டர், அதில் 2770 பர்மிஷன், யுமாஸ்க் 007. உள்ளே யார் கோப்பு உருவாக்கினாலும் அது குழுவின் பெயரில் நிற்கும். கிளம்புகிறவரை அவர் கைடோடு ஒரு மணி நேரம் உட்காரவைத்து, எந்த ஃபோல்டர் எந்தப் பேப்பருக்கு என்று ஒரு ரீட்மி கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அக்கவுன்ட்டை மூடும் முன் அவருடைய கிரான்டாபை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) திறந்து பாருங்கள். குழுவின் டேட்டாவை ராத்திரிதோறும் நகர்த்துகிற ஸ்கிரிப்ட் பல லேபில் ஏதோ ஒரு மாணவரின் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.