"போலியோ இல்லைன்னா மலம் எதுக்கு டாக்டர்?"

குழந்தைகளுக்குத் திடீரென்று கை, கால் துவண்டுபோவது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் நாலு வயசுப் பையன் போன வாரம் திடீர்னு நிக்க முடியாம விழுந்துட்டான். பெரியாஸ்பத்திரியில 'கில்லன் பாரே, போலியோ இல்லை'ன்னு சொன்னாங்க. ஆனா ரெண்டு தடவ மலம் கேட்டாங்க, வீட்டுக்கும் ஆள் வந்து விசாரிச்சாங்க. இப்ப தெருவே பையனுக்குப் போலியோன்னு பேசுது. (ஒரு தாய், பென்னாகரம்)

மலம் கேட்டார்கள் என்பதற்காகப் போலியோ என்று அர்த்தமில்லை அம்மா. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கையோ காலோ திடீரென்று துவண்டால், காரணம் வேறு என்று மருத்துவருக்கு உறுதியாகத் தெரிந்தாலும் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். ஏ.எஃப்.பி. (திடீரென்று கை, கால் துவளுதல்) கண்காணிப்பு என்பது இதுதான். கில்லன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய்), தண்டுவட அழற்சி, ஊசியால் வந்த நரம்புக் காயம் எல்லாமே இதில் அடங்கும். காலைப் பார்த்து மட்டும் போலியோ இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

போலியோ கிருமி எல்லா நாளும் ஒரே அளவில் மலத்தில் வெளியேறாது. அதனால்தான் குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரி. கால் துவண்ட 14 நாட்களுக்குள் எடுத்தால் கிருமி சிக்கும் வாய்ப்பு அதிகம். கட்டைவிரல் அளவு மலம் போதும். ஐஸ் வைத்த பெட்டியில் மூன்று நாட்களுக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது. உங்களுக்குப் பைசா செலவில்லை. தேவைப்பட்டால் 60 நாள் கழித்து மறுபடி வந்து காலைப் பார்ப்பார்கள். பயப்படாதீர்கள், அதுவும் நடைமுறைதான்.

ஒரு பிள்ளைக்காக இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். போலியோ கிருமி தொற்றுகிற ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் விழும். மற்றவர்கள் நன்றாக ஓடியாடிக்கொண்டே ஊருக்குள் கிருமியைப் பரப்புவார்கள். அந்த ஒரு காலைத் தவறவிட்டால் மீதியைக் கண்டுபிடிக்க வழி குறைவு. போலியோவே இல்லாத ஊரிலும் ஆண்டுக்கு லட்சம் சிறாரில் இரண்டு பேருக்காவது இப்படித் துவண்டது பதிவாக வேண்டும் என்பது நம் நாட்டுக் கணக்கு. ஒரு வட்டாரத்திலிருந்து தகவலே வரவில்லை என்றால் எனக்குச் சந்தோஷம் வராது, கவலைதான் வரும். யாரும் தேடவில்லை என்று பொருள். நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் கிருமியால் வந்த கடைசிப் போலியோ 2011 ஜனவரியில், மேற்கு வங்க ஹவுராவில். 27.3.2014 அன்று நம் நாடு அடங்கிய தென்கிழக்கு ஆசியாவுக்குப் போலியோ அற்ற பகுதி என்ற சான்று கிடைத்தது, உங்கள் மகனைப் போன்ற ஆயிரமாயிரம் பிள்ளைகளின் மலத்தில் தேடியும் கிருமி கிடைக்காததால். தெருவில் பேசுகிறவர்களிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பையனுக்கு மூச்சு வாங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, குரல் மெலிந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

காய்ச்சலுக்கு இடுப்புல ஊசி போட்ட பிறகு பாப்பா ஒரு காலை இழுக்குது. நரம்பு பிசகிடுச்சு, எண்ணெய் போட்டுக் கட்டுனா சரியாகும்னு பெரியவங்க சொல்றாங்க. (அஞ்செட்டி)

கட்டு வேண்டாம், நீவவும் வேண்டாம். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஊசி நரம்பில் பட்டிருக்கலாம். உடம்பில் போலியோ கிருமி இருக்கும்போது தசையில் போடும் ஊசியே அந்தக் காலைத் துவள வைக்கவும் கூடும். எது என்பதை ஊகிக்கக் கூடாது, தகவல் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் உள்ள நாட்டு வைத்தியர்களையும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்: கால் துவண்ட பிள்ளை முதலில் உங்களிடம் வந்தால் அன்றே பி.எச்.சி.க்குச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் என்றதும் "ஒரு ஊசி போடுங்க" என்று கேட்கும் பழக்கத்தைப் பெற்றோரும் விட வேண்டும்.

எங்க சைட்ல பீகார் தொழிலாளி ஒருத்தரோட பையனுக்குக் கை தூக்க முடியல. ஊருக்கு அனுப்பிடலாமா? (மேஸ்திரி, ஓசூர்)

கூடாது. ரயிலில் வீணாகும் நாட்கள்தான் மல மாதிரி எடுக்க உகந்த நாட்கள். ஓசூர் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். விசாரணை இங்கேயே நடக்கும், சொந்த மாவட்டத்துக்குத் தகவலை அவர்களே அனுப்புவார்கள்.

அண்ணனுக்குச் சின்ன வயசுலயே இளம்பிள்ளை வாதம். இப்ப நாப்பத்தஞ்சு வயசுல நல்லா இருந்த காலும் சோர்ந்து போகுது. தகவல் சொல்லணுமா? (அரூர்)

இது பழைய போலியோ பாதிப்பின் தொடர்ச்சியாக இருக்கலாம். பல ஆண்டுகள் கழித்துத் தசை இப்படிச் சோர்வதுண்டு, அது யாருக்கும் தொற்றாது. ஆனால் வேறு காரணமும் இருக்கக்கூடும் என்பதால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகனும் மருமகளும் கட்டட வேலைக்கு பெங்களூர்ல இருக்காங்க. பேத்திக்கு 14 வார ஊசி விட்டுப்போச்சு. சொட்டு மருந்து குடுத்தாச்சே, ஊசி வேணுமா? முதல்ல இருந்து போடணுமா? (பாலக்கோடு)

இரண்டும் வேண்டும். சொட்டு மருந்து குடலில் கிருமியைத் தடுக்கும். 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடும் போலியோ ஊசி, நரம்பு வரை கிருமி போகாமல் காக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதை மட்டும் போட்டால் போதும். அதற்காக ஊருக்கு வரவேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு அங்கேயே பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.