‘டெர் வைஸ ரவுஷ்’ பந்தயத்தில் ஸ்னோபோர்டில் இறங்கினால் ஸ்கீகாரர்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா? எப்படித் தயாராவது?

முடியும். ஆனால் நீங்கள் கவலைப்படும் இடம் வேறு, நேரம் போகிற இடம் வேறு. ஸ்கீ போடும் நண்பர்கள் நேர்ச்சரிவில் முந்திவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பந்தயத்தில் நேர்ச்சரிவில் தோற்பவர்கள் குறைவு. தொடக்க நெரிசல், நடுவில் வரும் மேடு, அடிவாரத்துக் கூழ்ப்பனி, இந்த மூன்றும்தான் ஆளைக் கவிழ்க்கும். அதில் ஒன்று போர்டுகாரருக்கே சாதகம்.

மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ஆர்ல்பெர்க் மலையடிவாரத்து ஊர் சாங்க்ட் அன்டோன். பந்தயம் நடப்பது அங்கேதான். ஏப்ரல் கடைசியில், சீசன் முடியும் நேரத்தில், வல்லுகாகிராட் லிஃப்ட் நிலையத்தருகே 555 பேர் மாலை 5 மணிக்கு ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். சுமார் 9 கி.மீ. தூரம், 1,350 மீ. இறக்கம். காலுக்கொன்றாக மாட்டும் ஸ்கீ, இரு காலையும் குறுக்காகப் பூட்டும் ஒற்றைப் பலகையான ஸ்னோபோர்டு, குதிகால் விடுபட்டிருக்கும் டெலிமார்க் ஸ்கீ எல்லாம் ஒரே கூட்டம். பந்தயத்துக்கென்று சரிவைச் சமன்செய்து தரமாட்டார்கள். அன்று பகல் முழுக்க ஆயிரக்கணக்கானோர் உழுது போட்ட மேடுபள்ளத்தில்தான் இறங்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் ம்யூரன் ஊரில் நடக்கும் இன்ஃபெர்னோவுக்கு எழுதிய அறிவுரைகளை எடுத்து இதற்கும் ஒட்டிவிடுகிறார்கள். அதை நம்ப வேண்டாம். 1928இல் பிரிட்டிஷ் ஸ்கீகாரர்கள் தொடங்கிய அந்தப் பந்தயம் ஜனவரியில் நடக்கிறது. முழுப் பாதை 14.9 கி.மீ., சுமார் 1,850 பேர் 12 விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். அங்கே நீளமான விறைப்பான ஸ்கீயும் உடலோடு ஒட்டிய பந்தய உடையும் பலன் தரும். ஏப்ரல் மாலையில், பக்கத்தில் பத்துப் பேர் உரசிக்கொண்டு வரும் இடத்தில், அதே விறைப்பு உங்களைத் தூக்கி எறியும்.

முதலில் தொடக்கம். நீங்கள் ரெகுலரா (இடது கால் முன்னால்), கூஃபியா (வலது கால் முன்னால்) என்று சொல்லவில்லை. இடது கால் முன்னால் என்றால் நெஞ்சு வலப்பக்கம் பார்க்கும், முதுகு இடப்பக்கம் இருக்கும். குதிகால் பக்கம் சாய்ந்து போடும் திருப்பம் இடப்பக்கம்தான் போகும், அங்கே வருகிறவரை நீங்கள் பார்க்க முடியாது. எனவே கீழ்நோக்கிப் பார்க்கையில் கூட்டத்தின் இடது ஓரத்தில் நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை என்ற நிம்மதி முதல் அரை நிமிடத்துக்கு மிகவும் தேவை. கூஃபிக்கு வலது ஓரம். நடுவில் நின்றால் ஸ்கீகாரரின் கம்பு முதல் திருப்பத்திலேயே, காலைப் போர்டில் கட்டும் உங்கள் ஸ்ட்ராப்பில் மாட்டும். ஓரத்தில் நிற்பதால் சில விநாடி போகும்தான். விழுந்து எழுவதற்கு அதைவிடப் பல மடங்கு போகும்.

அடுத்து பனி. மாலை 5 மணிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் நிழல் விழுந்த மேல்சரிவு வெப்பத்தை வானத்துக்கு இழந்து இறுகத் தொடங்கிவிடும். மேகமூட்டமாக இருந்தால் மேலிருந்து கீழ்வரை கூழாகவே கிடக்கும். வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேலே இறுகியிருந்தால், எல்லோரும் திரும்பிய பள்ளத்தில் பனிக்கட்டிதான் மிஞ்சியிருக்கும். அதன் ஓரத்தில் சுரண்டிக் குவிந்த தளர்பனியில் எட்ஜ் (போர்டின் உலோக விளிம்பு) பிடிக்கும். கீழே நேர்மாறு: மிதிபட்டு அழுந்திய தடம்தான் வழுக்கும், யாரும் தொடாத ஓரத்துப் பனி போர்டைப் பிடித்து இழுத்து மூக்குக்குப்புறத் தள்ளும்.

போர்டின் அடியில் தேய்க்கும் மெழுகை எந்தப் பனிக்குப் பொருத்துவது, மேல்பனிக்கா கீழ்ப்பனிக்கா? கீழ்ப்பனிக்குத்தான். மேலே சரிவே உங்களை இழுத்துக்கொண்டு போகும், மெழுகு சற்றுப் பொருந்தாவிட்டாலும் தெரியாது. கீழே தட்டையான இடத்தில்தான் போர்டு நிற்கும், ஸ்கீகாரர் கம்பை ஊன்றிக்கொண்டு போய்விடுவார். உங்களிடம் கம்பு இல்லை.

ஈரப்பனியில் வேகம் குறையக் காரணம் போர்டுக்கு அடியில் சேரும் தண்ணீர்ப் படலம். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல அது போர்டைக் கவ்வும். மெழுகு பாதி வேலைதான் செய்யும், மீதியைச் செய்வது அடித்தளத்தில் இழைத்திருக்கும் கோடுகள். சர்வீஸ் கடையில் கல் இழைப்புக்குக் கொடுக்கும்போது ‘வசந்தகால ஈரப்பனிக்குக் கரடாக’ என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் பொதுவான நடுத்தரக் கோடு போட்டுத் தருவார்கள். கடைக்குப் போக நேரமில்லையென்றால் கையால் அழுத்தி உருட்டிக் கோடுபோடும் கருவி கிடைக்கிறது. மெழுகைச் சுரண்டி பிரஷ் போட்ட பிறகு, மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒரே அழுத்தத்தில் ஒரு முறை உருட்டினால் போதும்.

மெழுகு போடும் வரிசை: சீசன் முடிவில் அடித்தளம் முழுக்க மகரந்தமும் எண்ணெய் அழுக்கும் ஏறியிருக்கும். அதன்மேலேயே புது மெழுகைப் போட்டால் அழுக்கைப் பூட்டி வைத்த மாதிரிதான். முதலில் வெண்கல பிரஷ். பிறகு மென்மையான மெழுகை உருக்கித் தேய்த்து, சூடு ஆறுவதற்குள்ளேயே சுரண்டி எடுங்கள். சுரண்டியது சாம்பல் நிறமாக வரும். வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். அதன்பிறகு பந்தய மெழுகு. ஸ்விக்ஸ் கம்பெனி மெழுகு என்றால் 10 எண் போட்ட மஞ்சள், பூஜ்யத்துக்கு மேலான வெப்பத்துக்கானது. இஸ்திரி 120 டிகிரிக்கு மேல் வேண்டாம், புகை வந்தால் சூடு அதிகம். ஒரே இடத்தில் நிறுத்தாமல் மூக்கிலிருந்து வாலுக்கு இழுங்கள். நிறுத்தினால் அடித்தளம் வெந்து மெழுகு குடிக்காமல் போகும். அரைமணி நேரம் அறைச் சூட்டில் ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, நைலான் பிரஷ். மெழுகை விட்டுவைத்தால் அதிக நேரம் உழைக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். மேலே தங்கும் மெழுகு கோடுகளை அடைத்து நீங்கள் செய்த வேலையையே கெடுக்கும்.

தண்ணீரை விலக்கும் ஃப்ளோரின் கலந்த மெழுகு பற்றிக் கருத்துப் பெட்டியில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 சீசன் முதல் தன் போட்டிகளில் அதைத் தடுத்துவிட்டது. இது அமெச்சூர் பந்தயம்தானே என்று பழைய டப்பாவைத் தேடாதீர்கள். இஸ்திரிப் பெட்டியில் கிளம்பும் அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

இப்போது மேடு. பாதை நடுவில் 150 மீட்டர் ஏற்றம் ஒன்று இருக்கிறது. அதற்கு ‘ஷ்மெர்ட்ஸ்’, அதாவது வலி, என்றே பெயர். போர்டுகாரருக்குச் சாதகம் என்று மேலே சொன்னது இதைத்தான். போர்டுகாரர் போடும் மென்பூட் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ, கணுக்கால் மடங்கும், அடிப்பாகம் ரப்பர். ஸ்கீ பூட் அதைப்போல இரு மடங்கு கனம், கணுக்கால் மடங்காது. நல்ல ஸ்கீகாரர்கள் ஸ்கீயைக் கழற்றாமலே மீன்முள் நடையில் விரித்து ஏறுவார்கள். அவர்களைப் பிடிப்பது கடினம். கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளாடுகிறவர்களை நீங்கள் தாண்டிப் போகலாம்.

அந்தச் சாதகம் உச்சியில் போய்விடும். போர்டை மாட்ட உட்கார்ந்தால் தொலைந்தது. நின்றபடியே மாட்டப் பழகுங்கள்: குதிகால் எட்ஜைப் பனியில் குத்தி ஒரு சிறு திட்டு செய்து, முன்காலை முதலில், பிறகு பின்காலை. மூச்சு வாங்கும்போது விரல் சொன்னபடி கேட்காது. அதனால் மூச்சிரைக்க ஓடிவந்து, கையுறையைக் கழற்றாமல் மாட்டிப் பழகுங்கள். ஏறும் வழியில் போர்டைக் கீழே வைக்க நேர்ந்தால் பைண்டிங் (பூட் மாட்டும் பிடி) பனியைப் பார்க்கக் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போய்விடும். ஆனால் கவிழ்த்தால் அடித்தட்டில் பனி அடைத்துக்கொள்ளும். அதைத் தட்டிவிடாமல் பூட்டை வைத்தால் குதிகால் முழுதாக உட்காராது, ஸ்ட்ராப் பாதி வழியில் தளரும். மிதித்தால் பூட்டிக்கொள்ளும் ஸ்டெப்-ஆன் வகைக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம், உள்ளே ஐஸ் இருந்தால் பூட்டிய மாதிரி சத்தம் வரும், பூட்டியிருக்காது.

உங்கள் ஸ்கீ நண்பர்களிடமும் ஒன்று சொல்லுங்கள். பந்தயம் என்றதும் பைண்டிங் டின் எண்ணை (எவ்வளவு விசைக்குப் பூட் கழல வேண்டும் என்ற அளவு) இரண்டு கூட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. குழிமேட்டில் ஸ்கீ தானாகக் கழல்வதற்குப் பெரும்பாலும் காரணம் டின் அல்ல: முன்னழுத்தம் (பைண்டிங் பூட்டை முன்னோக்கி அழுத்தும் விசை) பூட் நீளத்துக்குச் சரியாக இல்லாதது, அல்லது மேடு ஏறியபோது அடியில் ஒட்டிய பனி. எண்ணைக் கூட்டினால், கூழ்ப்பனியில் மெதுவாக முறுகி விழும்போது பைண்டிங் விடாது, முழங்கால் தசைநார் விடும். எடை, உயரம், வயது, பூட் நீளம் சொல்லிக் கடையில் அளவுபார்த்து வைப்பதே போதும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு: முந்தின இரவு பைண்டிங் திருகுகளை 3ஆம் எண் போஸிட்ரைவ் ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். சாதாரண நட்சத்திரத் திருப்புளி தலையை மழுக்கிவிடும். எட்ஜ் பக்கவாட்டில் 89, அடியில் 1 டிகிரி, அதற்குமேல் கூர் தேவையில்லை.

போர்டு எது? நடுத்தர விறைப்பு, ஒருதிசை வடிவம், நீங்கள் வழக்கமாக ஓட்டுவதைவிட இரண்டு மூன்று செ.மீ. நீளம். கடின பூட் மாட்டும் ஆல்பைன் போர்டு எட்ஜில் அற்புதம்தான், ஆனால் அந்த மேட்டைக் கடின பூட்டில் ஏற வேண்டும். இதைச் சொல்லும்போதே வயிற்றெரிச்சல். 1998 நகானோவில் ஸ்னோபோர்டு ஒலிம்பிக்ஸுக்குள் வந்தபோது முதல் தங்கம் தரப்பட்டது இந்த மாதிரி செதுக்கித் திரும்பும் ஜெயன்ட் ஸ்லாலமுக்குத்தான். இருவர் அருகருகே இறங்கும் பேரலல் ஸ்லாலமை 2014 சோச்சியில் ஒரே ஒரு முறை வைத்துவிட்டுத் தூக்கிவிட்டார்கள். இன்று கடைகளில் ஒரு ஜோடி கடின பூட் தேடிப் பாருங்கள், இரண்டு மூன்று கம்பெனிதான் மிச்சம். குட்டிக்கரணம் அடித்தால்தான் ஸ்னோபோர்டு என்று பார்ப்பவர்களை நம்ப வைத்தாயிற்று. இன்னொரு பக்கம் அமெரிக்காவில் ஆல்டா, டியர் வேலி, மேட் ரிவர் க்ளென் என்ற மூன்று ஸ்கீ தலங்களிலும் இன்றுவரை போர்டுக்கு அனுமதியே இல்லை, சரிவைச் சுரண்டிவிடுகிறோமாம். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். இருந்தாலும் எழுதாமல் விட மனமில்லை.

கண்ணாடிக்கு வருகிறேன். 5 மணிக்கு நிழலும் வெயிலும் மாறி மாறி வரும், கருப்புக் கண்ணாடி போட்டால் நிழலில் குழி தெரியாது. சாயம் குறைந்த எஸ்1 அல்லது எஸ்2 வகை போதும். மேடு ஏறும்போது அதை நெற்றியில் ஏற்றாதீர்கள், வியர்வை ஆவி உள்ளே படிந்து கடைசிவரை மங்கலாகவே இருக்கும். முகத்திலேயே வைத்து, அடிப்பக்கத்தை ஒரு விரல் அகலம் இழுத்துக் காற்றுவிடுங்கள். முதுகுக் கவசம் ‘எனக்கு வேண்டாம்’ என்பவர்களுக்கு: மோதப்போவது நீங்கள் மட்டுமல்ல, பின்னால் வருகிறவரும்தான்.

பயிற்சியைச் சொல்லவில்லை என்று பின்னூட்டம் வரும். சுவரில் சாய்ந்து நாற்காலி உட்காருவது இதற்குப் பெரிதாக உதவாது, அது அசையாத பயிற்சி. இறங்கும்போது தொடை நீண்டுகொண்டே பளு தாங்குகிறது. ஒற்றைக் காலில் படியிலிருந்து மெல்ல இறங்குவது, அதோடு நிற்காமல் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டுவது, இவை இரண்டும் அதிகம் உதவும். முந்தின நாள் மாலை கடைசி லிஃப்டில் போய்ப் பாதையை ஒரு தடவை இறங்கிப் பாருங்கள், வேகத்துக்காக அல்ல. எந்தத் தட்டை எங்கே தொடங்குகிறது, அதற்கு முன் எங்கே பிரேக் போடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான். நின்றுவிட்டால் பின்காலைக் கழற்றி உந்த வேண்டியதுதான், அங்கே போகும் நேரத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

கடைசியாகக் காப்பீடு. இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீடானாலும் அங்கேயே எடுத்ததானாலும், குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘பந்தயம், போட்டி’ என்ற விலக்கு பல பாலிசிகளில் தனி வரியாக இருக்கும், அமெச்சூர் என்ற சொல் அதில் உதவாது. ஆஸ்திரியாவில் சரிவிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கினால் பில் உங்கள் பெயருக்கு வரும், ஆயிரக்கணக்கான யூரோ. பந்தயத்தின் பெயரையும் தேதியையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, ‘உண்டு’ என்று எழுத்தில் வாங்கிய பிறகு பதிவுக் கட்டணத்தைக் கட்டுங்கள். அதையும் தள்ளிப்போடாதீர்கள், இருப்பது 555 இடம்தான்.