யாருக்காக ஒட்டினார்கள்?

வணக்கம் ஐயா,

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். நாவல் ஒன்று எழுதும் ஆசையில், இணையத்தில் கிடைக்கும் பழைய செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டுகளையும் (சென்னை மாகாண அரசிதழ்) மாவட்ட கெஜட்டுகளையும் இரவுகளில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 1860, 70களின் பக்கங்கள். நில ஏல அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாக்கிதாரர் பெயர், கிராமம், நிலத்தின் அளவு, தீர்வை (நிலவரி), ஏலத் தேதி. சில சந்தேகங்கள். ஊரில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் இதை அச்சடித்து ஒட்டியது வெறும் கண்துடைப்புதானே? ஏன் இவ்வளவு கரடுமுரடான தமிழ்? நாவல் எழுதுகிறவனுக்கு இதில் ஏதாவது தேறுமா? எப்படியிருந்தாலும் வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதி வைத்தான். அந்த ஒழுங்கு நமக்கு வரவே இல்லை என்று தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி வரியை முதலில் தள்ளிவிடுகிறேன். வரி வாங்குகிறவன் எழுதி வைக்காமல் என்ன செய்வான்? அதற்குப் பெயர் ஒழுங்கு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தத் தமிழையும் விட்டுவிடுங்கள். ஆங்கில வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கச்சேரி (சர்க்கார் ஆபீஸ்) குமாஸ்தா அவசரமாகப் பெயர்த்த தமிழ் அது. இன்றைய தமிழ் மேல் என்று தோன்றினால் உங்கள் வங்கியின் நகைக்கடன் ஏல அறிவிப்பை ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் முதல் சந்தேகத்தில்தான். படிக்கத் தெரியாதவனுக்குச் சேதி தெரியாது என்று எப்படி அவ்வளவு சுலபமாக முடிவு கட்டினீர்கள்? படித்தவர்களுக்கே வருகிற நோய் இது. உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் வாசித்துக்கொண்டிருந்தது 1855-இல் வெளியான சென்னைச் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை. அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் உங்கள் கடிதமும் மற்றக் கடிதங்களோடு மேசையில்தான் கிடந்திருக்கும்.

கதை இதுதான். சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற பேச்சு 1854-இல் லண்டன் பாராளுமன்றத்தில் எழுந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் டான்பி சீமூர் என்ற எம்.பி. இங்கே வந்து, சென்னை சுதேசி சங்கத்தின் கஜுலு லட்சுமிநரசு செட்டியோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் போயிருந்தார். இனி மறைக்க முடியாது என்றானதும் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று பேரை வைத்து ஒரு கமிஷன் போட்டார்கள். கமிஷன் உட்கார்ந்தது சென்னையில். கடந்த ஏழு வருடங்களில் சித்திரவதைக்கு ஆளானவர்கள் நேரிலோ கடிதம் மூலமோ முறையிடலாம் என்று அறிவிப்பு வெளியானது.

அந்த அறிவிப்பு எந்த வழியாக ஊருக்குள் போயிருக்கும் என்று யோசியுங்கள். அந்நாளில் சர்க்கார் அறிவிப்புக்கு இருந்தது ஒரே வழி. கலெக்டர், அவருக்குக் கீழே தாசில்தார், அவருக்குக் கீழே கிராம மணியக்காரர். யார்மீது புகார் சொல்லலாம் என்று அறிவிப்பு சொல்கிறதோ, அதே தாசில்தாரும் அவருடைய சேவகர்களும்தான் அதை ஊருக்குச் சொல்ல வேண்டியவர்கள். அண்ணாந்தாள் போட்டவனே வந்து, அண்ணாந்தாள் போட்டால் நீ புகார் கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். (கழுத்தையும் கால் கட்டைவிரலையும் ஒரே கயிற்றில் பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிற்க வைப்பது அண்ணாந்தாள். மரச்சட்டங்களுக்கு நடுவே விரல்களைக் கொடுத்து நசுக்குவது கிட்டி. இரண்டும் அறிக்கையில் இருக்கின்றன.) இப்படிப்பட்ட அறிவிப்பை எத்தனை தாசில்தார்கள் ஆர்வமாகத் தமுக்கடித்துச் சொல்லியிருப்பார்கள்?

இருந்தும் சில மாதங்களில் 1,959 முறையீடுகள் வந்தன. அதில் 519 பேர் நேரில் வந்து நின்றார்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு முதல் ரயில் ஓடியது 1856-இல். ஆக, வண்டி வசதி இல்லாதவர்கள் நடந்துதான் வந்திருக்க வேண்டும். மீதி 1,440 பேர் தபாலில் எழுதினார்கள். அரையணா தபால்தலை அந்த 1854 அக்டோபரில்தான் புழக்கத்துக்கு வந்திருந்தது. எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவனைத் தேடிப்போய், தன் விரல் நசுங்கிய கதையைச் சொல்லி எழுத வைத்து அனுப்பியிருக்கிறான். நீங்கள் சொல்லும் அறியாத ஜனம் இதுதான்.

1858 நவம்பர் 1-ஆம் தேதி விக்டோரியா ராணியின் பிரகடனத்தை முக்கிய ஊர்களில் வட்டார மொழிகளில் வாசித்தார்கள். பள்ளிப் புத்தகங்களில் இடம்பிடித்தது அந்த அறிவிப்புதான். கமிஷனின் அறிவிப்புக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்ட கமிஷன், பழியை முழுக்க நம்மூர்ச் சேவகர்கள்மீது போட்டுவிட்டு வெள்ளை அதிகாரிகளைத் தப்பவிட்டது. வசூல் குறைந்தால் யார் யாரைக் கேட்டார்கள் என்ற கேள்விக்கு அந்த மூன்று பேரும் அதிகம் மெனக்கெடவில்லை. அது வேறு கதை. எழுதினால் நீளும்.

சரி, உங்கள் ஏல அறிவிப்புகளுக்கு வருகிறேன். கண்துடைப்பு என்றீர்கள். அது உண்மைதான், காரணம்தான் தப்பு. 1864-ஆம் வருடத்து இரண்டாவது சட்டம், அதாவது வருவாய் வசூல் சட்டம், தீர்வை பாக்கிக்கு நிலத்தை ஏலம் விடும் முறையை விவரமாகச் சொல்கிறது. அறிவிப்பு ஆங்கிலத்திலும் மாவட்ட மொழியிலும் இருக்க வேண்டும். ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பாவது நான்கு இடங்களில் ஒட்ட வேண்டும். கலெக்டர் ஆபீஸ், தாலுகா கச்சேரி, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன், அப்புறம் அந்த நிலத்திலேயே பார்வையில் படுகிற ஓரிடம். பொட்டல் காட்டில் பார்வையில் படுகிற இடம் எது? வரப்பில் ஒரு குச்சி நட்டுக் காகிதத்தைச் செருகினால் ஆடு தின்னும், இல்லாவிட்டால் காற்று கொண்டுபோகும். மற்ற மூன்றும் எப்படிப்பட்ட இடங்கள் என்று பாருங்கள். தீர்வை கட்ட முடியாமல் ஒளிந்து திரிகிறவன் எட்டிப் பார்க்கவே அஞ்சும் வாசல்கள். கூரியர் பையன் பார்சலை கேட்டில் மாட்டிவிட்டு ‘டெலிவர்டு’ என்று போடுகிறானே, அந்த மாதிரி. ஒட்டியதற்குச் சாட்சி இருந்தால் போதும். வாசித்தார்களா என்று சட்டம் கேட்கவில்லை.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. என் தாத்தா தென்னாற்காட்டில் ஒரு சின்ன ஊருக்குக் கிராம முன்சீப், அதாவது ஊரில் வரி வசூலைப் பார்த்துக்கொண்டவர். நான் பார்த்தது சுதந்திரம் வந்து வெகுகாலம் கழித்து, ஆனால் சட்டம் அதே 1864 சட்டம். (இன்றும் அதுதான். தலைப்பில் சென்னை போய்த் தமிழ்நாடு வந்திருக்கிறது, அவ்வளவே.) தாலுகா ஆபீஸிலிருந்து ஜப்தி நோட்டீஸ் வந்தால் தாத்தா திண்ணையில் சாய்வுப் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலில் காகிதத்தைத் திருப்புவார். பின்பக்கத்தில்தான் வேலை ஆரம்பிக்கும். இன்ன தேதியில் தமுக்குப் போட்டு ஊரறியச் செய்து, நிலத்தில் ஒரு நகல் நாட்டப்பட்டது என்று கட்டைப் பேனாவால் எழுதுவார். கீழே இரண்டு சாட்சிகள் வேண்டும். தெருவில் போகிற யாரையாவது கூப்பிடுவார். ஒருவர் கையெழுத்துப் போடுவார், இன்னொருவர் மைப்பெட்டியில் பெருவிரலைத் தேய்த்து ரேகை வைத்துவிட்டு விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். அப்போது நோட்டீஸ் திண்ணையிலேயே இருக்கும். தமுக்கும் இன்னும் வந்திருக்காது.

என் தாத்தா கெட்டவரில்லை. மேலே போகிற காகிதம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி அனுப்பினார். நூறு வருடமாக ஒவ்வொரு திண்ணையிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சாயங்காலம் வெட்டியான் வேலை பார்த்த பெரியவர் வருவார். திண்ணைக்குக் கீழே, தெருவில்தான் நிற்பார். தாத்தா நோட்டீஸை ஒருமுறை வேகமாக வாசிப்பார். பசலி (வரிக் கணக்கு வருடம்), தீர்வை, வட்டி, படிச்செலவு எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியமாக ஓடும். பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போவார். நான் பின்னாலேயே ஓடுவேன். பிள்ளையார் கோயில் முனையில் தமுக்கைத் தட்டி அவர் சொன்னது, தாத்தா வாசித்ததாகவே இருக்காது. “ஏரிக்கரை மேட்டுல மூணு காணி வர்ற வெள்ளிக்கெழம ஏலத்துக்கு வருதுங்கோ! கட்டறவங்க வியாழக்கெழம பொழுது சாயறதுக்குள்ள கட்டிப்புட்டா ஏலம் நின்னுபோவும்ங்கோ!” பாக்கிதாரர் பெயரை ஊர்த் தெருவில் சொல்ல மாட்டார். யார் நிலம் என்று ஊருக்குத் தெரியும்.

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை இன்றுவரை விடவில்லை. ஏலத்துக்கு முந்தைய நாள் சூரியன் மறைவதற்குள் முழு பாக்கியையும் கட்டினால் ஏலத்தை நிறுத்த வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு. அறிவிப்பில் என்னென்ன எழுத வேண்டும் என்று பட்டியல் போடுவது 36-ஆவது பிரிவு. அந்தப் பட்டியலில் இந்தச் சலுகை இல்லை. யார் நிலத்தை, எங்கே, என்றைக்கு விற்போம் என்று எழுதினால் போதும். நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவரோ அதைத்தான் தொண்டை கிழியச் சொன்னார். யார் அவருக்குச் சொன்னது? வருடக்கணக்காகத் தெருவில் நின்றபடி திண்ணைப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்த சட்ட அறிவு அது. அவரை வீட்டுக்குள் விடாத தெருக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் சட்டம் சொன்னார். அவருக்கு மானியமாக இருந்த கொஞ்சம் புன்செயைத் தவிர சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அந்தக் காகிதங்களில் அவர் எங்கே வருகிறார்? ‘தமுக்கு மூலம்’ என்ற இடத்தில். கருவியின் பெயர் இருக்கிறது, அடித்த கையின் பெயர் இல்லை. இதை எழுதும்போது எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் தாத்தாமேல் திரும்புகிறது.

நாவலுக்குத் தேறுமா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? அச்சான கெஜட்டில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். பின்பக்கம் வேண்டுமென்றால் இணையத்தை மூடிவிட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள், மாவட்டப் பதிவேடுகளைக் கேளுங்கள். தூசிக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் வரும், ஜூலையில் தொடங்கும் வருடம். 1286, 1287 பசலிகளை முதலில் எடுங்கள். 1876 ஜூலையிலிருந்து 1878 ஜூன் வரை, தாது வருஷப் பஞ்சக் காலம். கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தபோதும் ஏல அறிவிப்புகள் ஒட்டப்பட்டனவா, ஒட்டினால் பின்பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட யார் மிச்சமிருந்தார்கள் என்று பாருங்கள். கிடைத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது.