கடலடி மண்ணை ஆராயும் படிப்பு: சுங்கை சிப்புட் தாயாருக்கு ஒரு பதில்

அம்மா, மகள் ஜியோஃபிசிக்ஸ் (பூமியின் உள்ளமைப்பை இயற்பியலால் ஆராயும் படிப்பு) படித்துக் கடல் சர்வே வேலைக்குப் போகிறேன் என்கிறாள், பெண்பிள்ளை மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடப்பாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் படிவம் ஐந்தில் இருக்கும் பிள்ளைக்குக் கப்பல் பிரச்சினையே இல்லை. கூடுதல் கணிதம்தான் பிரச்சினை. அவள் செய்யப்போகும் வேலை என்னவென்று தெரிந்தால் காரணம் புரியும்.

எண்ணெய் மேடை, கடலடிக் கேபிள், பாலம், கடலைத் தூர்த்து நிலமாக்குவது என எது வந்தாலும், அடியில் இருப்பது மணலா, சேறா, இறுகிய களிமண்ணா என்று முதலில் தெரிய வேண்டும். சர்வே கப்பல் மணிக்கு நான்கு கடல்மைல் வேகத்தில் நேர்கோட்டில் போகும். பின்னால் இழுத்துவரும் பூமர் அல்லது ஸ்பார்க்கர் என்ற கருவி நொடிக்குச் சில முறை ஒலி எழுப்பும். அந்த ஒலி கடல் தரையிலும், அதற்குக் கீழே மண் மாறுகிற இடங்களிலும் பட்டுத் திரும்பும். ஹைட்ரோஃபோன்கள் (நீருக்கடி ஒலிவாங்கிகள்) கோத்த கேபிள் அதைப் பிடிக்கும். மேல் மண்ணுக்கும் கீழ் மண்ணுக்கும் அடர்த்தியும் ஒலிவேகமும் எவ்வளவு மாறுகிறதோ, எதிரொலியும் அவ்வளவு பலமாக வரும்.

இதில் கிடைப்பது நேரம்தான், ஆழம் இல்லை. ஒரு படலத்தைக் கடந்து போய்த் திரும்ப ஒலிக்கு 20 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். மண்ணில் ஒலிவேகம் நொடிக்கு 1,500 மீட்டர் என்றால் படலத்தின் தடிமன் 15 மீட்டர். மணல் என்று எண்ணி 1,700 போட்டால் 17 மீட்டர். கடலில் கால் ஊன்றி நிற்கும் ஜாக்-அப் ரிக் என்ற துளையிடும் மேடைக்கு அந்த இரண்டு மீட்டர் பெரிய விஷயம். மேலே மெல்லிய கெட்டி மணல், கீழே இளகிய களிமண் என்றால், பாரம் ஏறும்போது கால் மணலைப் பொத்துக்கொண்டு இறங்கி ரிக் சாய்ந்துவிடும்.

நம் கடலில் இன்னொரு தொல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாய்த் தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் நடுவே அன்று தரைதான், ஆறுகள் ஓடின. அந்த ஆற்றுப் பள்ளங்கள் இன்று மண் மூடிக் கடலடியில் புதைந்து கிடக்கின்றன. சர்வே கோடுகளை நூறு மீட்டர் தள்ளித் தள்ளிப் போட்டால் குறுகிய பள்ளம் இரண்டு கோட்டுக்கு நடுவே தப்பிவிடும். சேற்றில் மக்கிய பொருளிலிருந்து வரும் வாயு கொஞ்சம் இருந்தாலும் போதும், அதற்குக் கீழே எதிரொலியால் வரையும் படம் முழுக்க மங்கிவிடும். புதியவர்கள் அடிக்கடி ஏமாறுவது இரட்டை எதிரொலியில். தண்ணீர் ஆழம் 20 மீட்டர் என்றால், தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இரண்டு தடவை போய்வந்த ஒலி, 40 மீட்டரில் இல்லாத ஒரு படலத்தைக் காட்டும். அதையும் மண் என்று வரைந்து வைப்பார்கள்!

மண்ணின் தாங்குதிறனை இந்த எதிரொலி நேரடியாகச் சொல்லாது. மண்ணின் விறைப்பை அறியக் குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் அலை) உதவும். ஆனால் தண்ணீரில் குறுக்கலை பயணிக்காது. அதனால் வைப்ரோகோரரால் (அதிர்ந்து மண்ணுக்குள் இறங்கும் குழாய்) மண் மாதிரி எடுத்து, கூம்பை அழுத்திச் சோதித்து, ஒலிப்படத்தோடு ஒப்பிட்ட பிறகே அறிக்கை எழுத வேண்டும். மாதிரி இல்லாத அறிக்கையை இந்தத் துறையில் இருக்கும் நாங்கள் நம்பமாட்டோம்.

ஆக இயற்பியலும் நிலவியலும் சேர்ந்த படிப்பு வேண்டும். நேரம், வேகம், ஆழம் என்று எல்லாமே கணக்கு என்பதால்தான் கூடுதல் கணிதத்தை முதலில் சொன்னேன். பினாங்கில் உள்ள யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஜியோஃபிசிக்ஸ் நடத்துகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் யு.கே.எம்.மிலும் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) நிலவியல் (ஜியோலஜி) படிப்பு உண்டு. ஸ்ரீ இஸ்கண்டார் யு.டி.பி. (பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) பேராக்கிலேயே இருந்தாலும் தனியார். உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் கட்டணம் கையைக் கடிக்கும். மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு) கிடைக்கவில்லை என்றால் எஸ்.டி.பி.எம்.மில் (உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) இயற்பியலும் கணிதமும் எடுக்கட்டும், அது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. மலாய்மொழியில் கிரெடிட் இல்லாமல் அரசுப் பல்கலைக்கழகம் பக்கமே போக முடியாது, அதையும் கவனியுங்கள்.

கடல் விஷயம்: புதிதாகச் சேர்பவர்கள் சில வாரம் கப்பல், பிறகு விடுப்பு என்று முறை வைத்துப் போவார்கள். பின்னாளில் பலர் கோலாலம்பூரில் கணினி முன் உட்கார்ந்து ஒலிப்படம் படிப்பவர்கள்தான். பெண்களும் கப்பலில் வேலை செய்கிறார்கள். தனி கேபின் உண்டா என்று நேர்காணலிலேயே கேட்கலாம், தவறில்லை. எண்ணெய்த் துறையில் ஹெலிகாப்டர் நீரில் கவிழ்ந்தால் வெளியேறும் பயிற்சி கட்டாயமாக இருக்கும். இப்போதே ஈப்போவில் நீச்சல் பழகட்டும்.

எண்ணெயை மட்டும் நம்ப வேண்டாம். 2014 கடைசியிலும் 2020இலும் விலை சரிந்தபோது இந்தத் துறையில் ஆட்குறைப்பு நடந்தது. தொழிற்பயிற்சிக்குக் கேபிள், துறைமுகம், நிலமீட்பு வேலையும் செய்யும் நிறுவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். யு.பி.யு. (அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பம் போடுமுன் பல்கலைக்கழகத் துறைக்கே எழுதி, படிப்பில் கடல் களப்பணி உண்டா, கருவிகள் துறையிலேயே இருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள்.